ஓரம் மட்டும் பாக்கி

பெரியவள் வீட்டுக்கு வந்து சேர இன்னும் நாற்பத்தாறு மணி நேரம் இருந்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மருத்துவமனை வண்டி வாசலில் நிற்கும் என்று சொல்லியிருந்தார்கள். இப்போது வியாழன், பகல் பன்னிரண்டு. சின்னவள் இந்தக் கணக்கை மனதுக்குள் போட்டபடி, கவிழ்த்துப் போட்ட போர்வையின் அடியில் திரண்டிருந்த நூல் உருண்டையைக் கத்தரி முனையால் இழை இழையாக வெட்டிக்கொண்டிருந்தாள்.

சாதாரண உருண்டை இல்லை. குளியலறை வடிகாலை மாதக்கணக்கில் மறந்துவிட்டுத் திறந்தால் வருமே, அப்படி. வேடிக்கை என்னவென்றால் மேலே பார்த்தால் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. தையல் நேராக, பதவிசாக ஓடியிருக்கும். திருப்பினால்தான் வண்டவாளம் தெரியும். காலையிலிருந்து இது ஐந்தாவது.

"அதுக்கு என்னைப் பிடிக்கல" என்றாள் அம்மா. மிஷினைத்தான் சொன்னாள். "அவ இல்லன்னதும் முறைச்சுக்குது."

போர்வைக்கு மூன்று அடுக்கு. மேலே சின்னச் சின்னத் துணித் துண்டுகளை ஒட்டித் தைத்த விரிப்பு, நடுவில் பஞ்சு, அடியில் ஒரே துணி. மூன்றையும் சேர்த்துப் பிடித்து மேலெல்லாம் தையல் ஓட்ட வேண்டும். கட்டில் அளவு போர்வையை மோட்டார் வைத்த பழைய மிஷினுக்குள் நுழைத்துத் திருப்புவது ஒரு ஆள் வேலை இல்லை. இந்த வீட்டில் அது எப்போதும் இரண்டு பேர் வேலை. அம்மா ஊசிக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டு கையாலும் துணியை நகர்த்துவாள். பெரியவள் மிஷினுக்குப் பின்பக்கம் முக்காலியில் உட்கார்ந்து பாரத்தை இழுத்துக் கொடுப்பாள். கடைசியில் ஓரம் மட்டும் வரும்போது இடம் மாறிக்கொள்வார்கள். ஓரத்தில் கோடு எதுவும் வரையாமல் கொடியும் இலையுமாக ஓட்டுவதற்குப் பெரியவளின் கை வேண்டும். ஆறு வருடமாக இப்படித்தான்.

சின்னவளுக்குத் தையல் தெரியாது, பள்ளி நாளில் இந்த மிஷினில் கிழிசல் தைத்ததோடு சரி. அவள் படித்தது வேதியியல், வேலை பார்ப்பது குடிநீர் பரிசோதிக்கும் கூடத்தில். பெரியவள் வருகிறாள் என்று இரண்டு நாள் விடுப்பு எடுத்திருந்தாள்.

எழுபத்தொரு நாளுக்கு முன் பெரியவள் ஸ்கூட்டரோடு சறுக்கி, வலது தோள் தரையில் இடிபட விழுந்தாள். தோள்பட்டை எலும்பு முறிந்தது. அறுவை நடந்தது. இன்னொரு அறுவையும் நடந்தது. மருத்துவமனைக்குப் பஸ்ஸில் ஐந்து மணி நேரம். முட்டிவலியோடு அம்மா முதல் வாரம் ஒரே ஒரு முறை போய்வந்தாள், அதன்பின் ஞாயிறுதோறும் சின்னவள்தான் போனாள். எலும்பு கூடிவிட்டது என்ற செய்தியை அவள்தான் கொண்டுவந்து சொன்னாள். அது உண்மைதான். அம்மாவுக்குத் தெரிந்தது அதுவரைதான்.

போன ஞாயிறு மருத்துவர் சின்னவளை நடைபாதைக்குக் கூப்பிட்டு, ஒரு தாளில் படம் போட்டுக் காட்டி, மூன்று நிமிடம் பேசினார். திரும்பி அறைக்குள் வந்தபோது பெரியவள் கண்ணை மூடிக்கொண்டு, "என்கிட்ட நேத்தே சொல்லிட்டார்" என்றாள். பிறகு, "நான் வர்றதுக்குள்ள அம்மாகிட்ட சொல்லிடு. என்னால சொல்ல முடியாது. நான் வாசல்ல வந்து நிக்கும்போது அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றாள். சின்னவள் சரி என்றாள்.

ஞாயிறு போய், திங்கள், செவ்வாய், புதன் போய், இதோ வியாழனும் பாதி போய்விட்டது. ஒவ்வொரு முறையும் சொல்ல ஆரம்பித்து, வேறு எதையோ பேசி முடித்தாள். சிறு வயதிலிருந்தே அவள் அப்படித்தான். கடைக்காரர் சில்லறை குறைத்துக் கொடுத்தால்கூடக் கேட்காமல் திரும்பி வருவாள். அவள் வாயைப் பிடுங்கினால்தான் வார்த்தை வரும், இந்த விஷயத்திலோ பிடுங்க ஆள் இல்லை.

அதனால் நூல் சிக்கியதில் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது. சிக்கு எடுக்கும்வரை சொல்ல வேண்டியதில்லை. இப்படி நினைத்ததற்கு அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அம்மா அவசரப்பட்டதற்குக் காரணம் வேறு. "நடுவை நான் முடிச்சு வச்சிடறேன். ஓரத்தை அவ வந்து போடுவா. சும்மா உக்காந்திருந்தா மனசு ஒடிஞ்சிடும். கைக்கு வேலை கொடுத்தாதான் கை திரும்பும்." சொல்லிக்கொண்டே மிஷின் பலகையின் மூலையில் இருந்த சிவப்பு ரப்பர் பந்தை எடுத்து இரண்டு பிசை பிசைந்து வைத்தாள். அதைப் பெரியவளுக்காக வாங்கி ஒரு மாதம் ஆகிறது. போகிற வருகிற போதெல்லாம் அதைப் பிசைந்து, பந்து பதமாகிவிட்டது என்று தானே சிரித்துக்கொள்வாள்.

சின்னவள் பந்தைப் பார்க்காமல் போர்வையைப் பார்த்தாள். "முதல்ல எதனால சிக்குதுன்னு கண்டுபிடிப்போம்மா" என்றாள்.

அவளுக்குத் தெரிந்த ஒரே வழி பரிசோதனைக் கூடத்தின் வழி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதைத் தொடாதே, நடந்ததை எழுது. பழைய நோட்டு ஒன்றில் பக்கம் பிரித்துக்கொண்டாள். முதலில் ஊசி. முனை மழுங்கியிருந்தது, தடித்த ஊசியாக மாற்றினாள். மீந்துபோன துண்டுத் துணியில் தானே ஒரு கோடு ஓட்டிப் பார்த்தாள். கோடு கோணலாகப் போனாலும் அடியில் சுத்தமாக இருந்தது. நோட்டில் 'சரி' என்று எழுதினாள். அம்மா உட்கார்ந்து போர்வையில் ஒரு சாண் ஓட்டினாள். மிஷின் கடகடவென்று இருமி நின்றது. ஆறாவது உருண்டை.

"பாத்தியா? உனக்குன்னா வாலாட்டுது. எனக்குன்னா கடிக்குது."

அடுத்தது அடிநூல் சுற்றிய பாபின். அதன் பெட்டியைக் கழற்றினால் உள்ளே தூசும் பஞ்சும் கோழிக்குஞ்சின் தூவி போல அப்பியிருந்தன. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் துடைத்து எடுத்தாள். பாபின் திசை மாறியிருக்கிறதா என்று பார்த்து, கழற்றி மறுபடி மாட்டினாள். துண்டுத் துணியில் ஓட்டினாள். சரி. அம்மா ஓட்டினாள். சிக்கியது.

துண்டுத் துணி மெல்லியது, போர்வை தடிமன், அதுதான் வித்தியாசம் என்று தோன்றியது. பஞ்சு வைத்து மூன்றடுக்காக ஒரு துண்டு தயாரித்து அதிலும் ஓட்டினாள். அதுவும் சரி. நூலை மாற்றினாள். அதுவும் சரி. அம்மா உட்கார்ந்ததும் எல்லாச் சரியும் கெட்டது. சாயங்காலம் நோட்டைப் பார்த்தால் ஒரு பத்தியில் வரிசையாகச் 'சரி', அடுத்த பத்தியில் வரிசையாக 'சிக்கு'. இப்படி ஒரு முடிவைக் கூடத்தில் காட்டினால் மேலதிகாரி, போய்க் கையைக் கழுவிட்டு வா என்பார்.

மீதியைத் தானே ஓட்டிவிடுவதாகச் சொல்லிப் பார்த்தாள். அம்மா அவள் ஓட்டிய கோணல் கோட்டைத் தூக்கிக் காட்டி, இது தையலா, எறும்பு தொலைஞ்சு போன பாதையா என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மிஷின் ரிப்பேர்காரருக்குப் போன் செய்தாள். தெரு முழுக்க அவரை 'எண்ணெய் மாமா' என்றுதான் கூப்பிடும், என்ன கோளாறு என்றாலும் முதலில் எண்ணெய் விடச் சொல்வார் என்பதால். மூன்று நாளாக இடுப்புப் பிடித்துப் படுத்திருப்பதாகவும் வர முடியாது என்றும் சொன்னார். அவருக்கும் யாராவது எண்ணெய் விட்டால் தேவலை என்று அம்மா பின்னாலிருந்து முணுமுணுத்தாள்.

சின்னவள் நோட்டைப் பார்த்து, செய்தது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் படித்தாள். அவர் நடுவில் குறுக்கிடவில்லை. முடிந்ததும் கேட்டார்.

"மேல சிக்குதா, கீழ சிக்குதா?"

"கீழ மாமா. மேல நல்லாதான் இருக்கு."

"அப்ப ஏம்மா கீழயே நோண்டிட்டு இருக்க? கீழ சிக்கினா கீழ ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். மேல எங்கயோ நூலைப் புடிக்கவேண்டியது புடிக்கல. புடி விட்டுப்போச்சுன்னா கீழ நீ என்ன துடைச்சாலும், என்ன மாத்தினாலும் வேலைக்காகாது."

அவள் பேனா நோட்டின் மேல் அப்படியே நின்றது. மருத்துவரும் கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில்தான் ஆரம்பித்தார். அவர் பேசியது மிஷினைப் பற்றி இல்லை.

"இருக்கியாம்மா?"

"இருக்கேன் மாமா."

"மேல ரெண்டு தகடு இருக்கும் பாரு, நூல் அதுக்கு நடுவுல போகணும். எடுத்துட்டு மறுபடி கோத்துப் பாரு. ஒரு சொட்டு எண்ணெயும் விடு."

எடுத்துவிட்டு மறுபடி கோத்தாள். தகடுகளுக்கு நடுவே நூல் நன்றாக உட்கார்ந்ததை விரலால் இழுத்துப் பார்த்து உறுதி செய்தாள். அவளுக்குச் சரியாக வந்தது. அம்மாவுக்கு வரவில்லை. இதற்குள் அம்மா கணக்கை விட்டுவிட்டாள். சின்னவள் விடவில்லை. அது பதினோராவது.

மதியம் பெரியவள் போன் செய்தாள். அம்மா அடுப்படியில் பாத்திரம் துலக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சின்னவள் போனை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனாள்.

"சொல்லிட்டியா?"

"இன்னும் சிக்கு எடுத்துட்டுதான் இருக்கேன்."

"நான் போர்வையைக் கேக்கல."

சின்னவள் ஜன்னல் கம்பியைச் சுரண்டினாள். எதிர் மாடியில் யாரோ துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நீ பொறந்ததுல இருந்தே இப்படித்தான்" என்றாள் பெரியவள். கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னாள். "ஒரு வார்த்தைக்கு ஒரு நாள். இனி ஒரு நாள்கூட இல்லடி." பிறகு, "அம்மா என் முகத்தைப் பாக்கணும். வேற எங்கயும் பாக்கக் கூடாது. அவ்வளவுதான் நான் கேக்கறது" என்று வைத்துவிட்டாள்.

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்த அம்மா, என்னவாம் என்றாள். நாளைக்குக் கிளம்பற நேரத்தைச் சொன்னா என்றாள் சின்னவள். ஓரத்தை எனக்கு வச்சிருங்கன்னு சொன்னாளா என்று அம்மா கேட்டாள். சின்னவள் தலையை எப்படி ஆட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அம்மா அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள்.

மணி மூன்று. இன்னும் பத்தொன்பது மணி நேரம்.

அம்மா மறுபடி மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். ஒன்றும் நடக்கப்போவதில்லை என்று தெரிந்தும் உட்காருகிறவர்களுக்கு முதுகு ஒரு மாதிரி வளையும், அப்படி வளைந்திருந்தது. மாற்றுவதற்குச் சின்னவளிடம் எதுவும் மிச்சம் இல்லை. ஊசி, நூல், பாபின், தகடு, துணி எல்லாம் எழுதி அடித்தாயிற்று. அதனால் முதல் முறையாக அவள் மிஷினைப் பார்ப்பதை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

அம்மா போர்வையை ஊசிக்கு அடியில் இழுத்து வைத்தாள். இரண்டு உள்ளங்கையையும் விரித்துத் துணிமேல் பதித்தாள். காலை மிதிமேல் வைத்தாள். மிதிப்பதற்கு முன், மிகச் சின்னதாக, ஒரு முறை தலையை அசைத்தாள்.

மிஷின் ஓடியது. நாலு விரற்கடை போனதும் இருமியது.

"அம்மா."

"சிக்கிடுச்சு. தெரியுது."

"இல்லம்மா. தலையாட்டினியே. யாருக்கு ஆட்டின?"

அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். நான் எங்கே ஆட்டினேன் என்று கேட்க வாயைத் திறந்தவள், கேட்கவில்லை. அவள் பார்வை தானாக மிஷினுக்குப் பின்னால் இருந்த முக்காலிக்குப் போனது. அதன்மேல் எழுபத்தொரு நாளாக மடித்த துணிகள் கிடந்தன.

சின்னவள் எழுந்து பின்பக்கம் போனாள். குவிந்திருந்த போர்வையை விலக்கினாள். ஊசிக்குப் பின்னால், உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், துணியை அமுக்கும் பாதத்தை ஏற்றி இறக்கும் லீவர் மேலே தூக்கியே இருந்தது.

சாதாரணத் தையலில் அதை யாரும் மறக்க முடியாது, பாதம் அந்தரத்தில் நிற்பது பளிச்சென்று தெரியும். போர்வைக்குப் போடும் பாதம் வேறு. அது இறக்கினாலும் துணிமேல் முழுக்கப் படியாமல் துள்ளித் துள்ளித்தான் போகும். பஞ்சுத் துணியோ மேலே உப்பிக்கொண்டு வந்து பாதத்தைத் தொடும். ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று முன்னாலிருந்து சொல்லவே முடியாது. ஆனால் லீவர் இறங்கினால்தான் அந்த இரண்டு தகடுகளும் நூலை இறுக்கிப் பிடிக்கும். இறங்காவிட்டால் மேல்நூல் பிடிமானம் இல்லாமல் கொத்துக் கொத்தாகக் கீழே போய்த் திரளும். சின்னவள் துண்டுத் துணியில் ஓட்டிய ஒவ்வொரு முறையும், யோசிக்காமலே, கையைப் பின்னால் விட்டு அதை இறக்கியிருக்கிறாள்.

"லீவரை இறக்கவே இல்லம்மா நீ."

"அது அவ வேலைல்ல" என்றாள் அம்மா.

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது போல இருந்தது. ஜாக்கெட் தைக்கும்போதும் தலையணை உறை தைக்கும்போதும் அம்மாவின் கை தானே பின்னால் போகும், அது அவளுக்குப் பழக்கம்தான். போர்வை என்றால் இரண்டு கையும் துணியிலிருந்து எழாது. தலையை அசைப்பாள், பெரியவள் பின்னாலிருந்து இறக்குவாள். இன்னொரு முறை அசைப்பாள், தூக்குவாள். ஓரத்துக்கு இடம் மாறினாலும் லீவர் பெரியவள் கையில்தான். ஆறு வருடத்தில் இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கில் வந்து, அப்புறம் தோள் குலுங்கி, கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்படி ஆனது.

"ஆறு வருஷமா நான்தான் மிஷின் ஓட்டறேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு இருந்தேன். அப்ப ஓட்டினது அவளா? வரட்டும், இதைச் சொல்லிச் சொல்லியே என் மானத்தை வாங்குவா."

சின்னவள் முக்காலியிலிருந்த துணிகளை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டு அதில் உட்கார்ந்தாள். லீவர் குளிர்ந்திருந்தது. அதன் ஒரு பக்கத்தில் மட்டும் கறுப்புப் பூச்சு தேய்ந்து வெள்ளி தெரிந்தது. கட்டைவிரல் படும் இடம். அவள் தன் கட்டைவிரலை அதன்மேல் வைத்தாள்.

அம்மா தலையசைத்தாள். அவள் இறக்கினாள். மிஷின் ஓடியது, இருமவில்லை. ஒரு வரி முடிந்தது. அம்மா தலையசைத்தாள். தூக்கினாள். போர்வையைத் திருப்பிப் பார்த்தார்கள். மேலே எப்படியோ கீழேயும் அப்படியே.

அப்புறம் பேச்சே இல்லை. தலையசைப்பு, லீவர், மோட்டார் சத்தம், தலையசைப்பு, லீவர். பாரத்தை எவ்வளவு இழுத்துக் கொடுப்பது என்று சின்னவளுக்கு முதலில் தெரியவில்லை. நான்காவது வரியில் தெரிந்தது. அம்மாவின் முதுகு நிமிர்ந்துவிட்டது. எதிரில் அவள் முகம் ஒன்றரை முழத் தூரத்தில் இருந்தது. சின்னவள் இரண்டு மாதமாகப் பார்க்காத தெளிவு அதில் இருந்தது. ஒவ்வொரு முறை அந்தத் தலை அசையும்போதும் இப்போது சொல்லிவிட வேண்டும் என்று சின்னவள் நினைத்தாள். ஒவ்வொரு முறையும் சொல்வதற்குப் பதிலாக லீவரை இறக்கினாள். எத்தனை முறை என்று எண்ணினாள். நாற்பத்தொன்று.

ஐந்தரை மணிக்கு நடு முழுவதும் முடிந்தது. நாலு பக்கமும் ஒரு முழ அகலத்துக்கு வெறும் ஓரம் மிச்சம் இருந்தது. ஜன்னல் வெயில் சாய்ந்து போர்வைமேல் விழுந்ததில் தைத்த பகுதி மேடும் பள்ளமுமாகவும் ஓரம் மொட்டையாகவும் தெரிந்தது.

"ஓரத்தையும் நாமளே போட்டுடலாம்மா" என்றாள் சின்னவள். "நேர் கோடா போட்டாப் போதும்."

"சும்மா இரு. அது அவளோடது." அம்மா பந்தை எடுத்து இரண்டு பிசை பிசைந்து வைத்தாள். "இவ்வளவு நாள் கட்டிலேயே வச்சிருந்த கை, உடனே வராது, எனக்கும் தெரியும். ரெண்டு வாரம் இதைப் பிசையட்டும். முதல்ல ஒரு இலை, மறுநாள் ரெண்டு இலை. நான் உன்னை மாதிரி பின்னால உக்காந்து இழுத்துக் கொடுக்கறேன். ஓரம் முடியறதுக்குள்ள கை முழுசா வந்துடும் பாரேன்."

சின்னவள் போர்வைமேல் ஒட்டியிருந்த நூல் துணுக்குகளைப் பொறுக்கினாள்.

அம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. மூலையில் ஒரே ஒரு இலையை மட்டும் தானே போட்டு வைக்கிறேன் என்றாள். தொடங்கி வைத்தது போல இருக்கும், வந்ததும் அதிலிருந்து பிடித்துக்கொண்டு போகட்டும், வெறும் ஓரத்தைப் பார்த்தால் மலைத்துவிடுவாள். போர்வையைத் திருப்பி, மூலையை ஊசிக்கு அடியில் கொண்டுவந்து வைத்தாள். இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பதித்தாள். காலை மிதிமேல் வைத்தாள்.

தலையசைத்தாள்.

சின்னவளின் கட்டைவிரல் லீவரின் தேய்ந்த இடத்தில் இருந்தது. அதை அவள் இறக்கவில்லை.

அம்மா இன்னொரு முறை தலையசைத்தாள். லீவர் இறங்கும் சின்னச் சத்தம் வராததால் நிமிர்ந்தாள். "ம்?" என்றாள். "என்ன, தூங்கிட்டியா?"

"அம்மா, காலை மிதியிலேருந்து எடு."

அம்மா எடுத்தாள்.

"எலும்பு கூடிடுச்சுன்னு சொன்னேன்ல. அது நிஜம். கையிலயும் ஒண்ணும் இல்ல. விழுந்தப்போ கைக்கு வர்ற நரம்பெல்லாம் கழுத்துகிட்டயே வேரோட பிஞ்சு போயிருக்கு. ரெண்டாவது தடவை அதுக்குத்தான் திறந்தாங்க. ஒட்ட முடியாதுன்னு மூடிட்டாங்க." தன் குரலை யாரோ பக்கத்து அறையிலிருந்து பேசுவது போல அவள் கேட்டாள். "பந்து பிசைய முடியாதும்மா. ரெண்டு வாரத்துலயும் இல்ல, ரெண்டு வருஷத்துலயும் இல்ல. அக்காவோட கை இனிமே வராது."